சரத்சந்திர திறந்தவெளி அரங்கு

சரத்சந்திர திறந்தவெளி அரங்கு, கண்டி நகருக்கு அருகே பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள நாடக அரங்கு ஆகும். சிங்கள இசை நாடகத்துக்குப் புத்துயிர் அளித்த பேராசிரியர் எதிரிவீர சரத்சந்திரவின் (1914–1996) பெயரைத் தாங்கியது. மாணவர்கள் இதனை ‘வள’ (சிங்களத்தில் ‘குழி’) என்றே அழைப்பர்.

அமைப்பு

அந்தானை மலையடிவாரத்தின் இயற்கைச் சரிவே பார்வையாளர் பகுதி. கூரையில்லை. மரங்களின் கீழ்ப் படிப்படியாக இறங்கும் இருக்கைகளில் அமர்ந்து, தாழ்வான மேடையைப் பார்க்கலாம்.

சரத்சந்திரவும் இசை நாடகமும்

காலி மாவட்டத்தில் பிறந்த சரத்சந்திர, சாந்திநிகேதனில் இந்திய இசை பயின்றார். இலண்டன் பல்கலைக்கழகத்தில் பௌத்த உளவியலை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றார். கிராமங்களில் அருகிவந்த ‘நாடகம’ என்னும் பாட்டுக்கூத்தை ஆராய்ந்து, அதன் மரபறிந்த சார்ள்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சேயின் துணையுடன் ‘மனமே’ நாடகத்தை உருவாக்கினார். அது 1956 நவம்பர் 3இல் கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் முதன்முதல் மேடையேறியது. ஜாதகக் கதையொன்றைத் தழுவிய அந்நாடகத்தில் திரைச்சீலைக் காட்சிகள் இல்லை. கதைசொல்லி பாத்திரத்தை அறிமுகம் செய்ய, மத்தள அடிக்கேற்ப நடிகர் ஆடிப் பாடி நுழைவார். தந்தை–மகன் முரணைப் பாடும் ‘சிங்கபாகு’ 1961இல் இந்தப் பேராதனை அரங்கிலேயே அரங்கேறியது. 1988இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது.

தமிழ்க் கூத்துடன் உறவு

சிங்கள ‘நாடகம’ தமிழ் நாட்டுக்கூத்தின் செல்வாக்கில் வளர்ந்தது. கூத்தின் வரவுப் பாட்டையும் கூத்தாசிரியரான அண்ணாவியாரின் மத்தளத்தையும் அறிந்தவர்களுக்கு மனமேயின் மேடை அந்நியமாகத் தோன்றாது. சரத்சந்திரவின் வெற்றியால் உந்தப்பட்டு, அதே பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைக் கையிலெடுத்தார். விடிய விடிய ஆடப்படும் கூத்தைச் சுருக்கி, மேடைக்கேற்பச் செம்மைப்படுத்தி, மாணவர்களைக் கொண்டு கர்ணன் போர் (1962), நொண்டி நாடகம் (1963), இராவணேசன், வாலிவதை ஆகியவற்றைத் தயாரித்தார். இராவணேசனில் இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு, பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகப் பேராசிரியராகி, அக்கூத்தைப் புதிய தலைமுறை மாணவருக்குப் பயிற்றி மீண்டும் மேடையேற்றினார். இலங்கையின் இரு மொழி அரங்குகளும் ஒரே வளாகத்தில், ஒன்றையொன்று பார்த்து வளர்ந்த காலத்துக்குப் பேராதனை பெருமைமிக்க சான்றாகும்.