மாத்தளைத் தோட்டங்களும் இரும்புக் குறைபாட்டுச் சோகையும்

இரும்புக் குறைபாட்டுச் சோகை என்பது, ஈமோகுளோபினை ஆக்கத் தேவையான இரும்பு என்பு மச்சைக்கு எட்டாதபோது வரும் நோய்நிலை. கருவுறாத பெண்ணின் குருதியில் டெசிலீற்றருக்கு 12 கிராமுக்குக் குறைவாக ஈமோகுளோபின் இருந்தால் அது சோகை என்கிறது உலக சுகாதார நிறுவனம். மாத்தளை மாவட்டத்தின் ரத்தோட்டை, எல்கடுவ, உக்குவளைப் பக்கத்து மலைத் தோட்டங்களில் இந்தப் பேச்சு எழுந்தால், கீரை சாப்பிடுங்கள் என்பதோடு முடித்துவிடுவது எளிது. சாப்பாட்டில் எவ்வளவு இரும்பு இருக்கிறது என்ற கணக்கு நோயைப் பாதியளவுதான் விளக்கும். குடற்சுவரைத் தாண்டி உள்ளே வருவது எவ்வளவு, வந்ததில் கசிந்து வெளியேறுவது எவ்வளவு என்ற இரண்டும் தெரிந்தால்தான் மீதி விளங்கும்.

உடலிலுள்ள இரும்பு மொத்தம் 3 முதல் 4 கிராம். அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஈமோகுளோபினில் இருக்கிறது. 120 நாள் வாழ்ந்து அழியும் செங்குருதிக் கலங்களின் இரும்பை உடல் மறுபடி எடுத்துப் பயன்படுத்திக்கொள்வதால், வெளியிலிருந்து நாளொன்றுக்கு 1 முதல் 2 மில்லிகிராம் வந்தாலே போதும். மிகுந்த இரும்பை வெளியேற்றச் சிறுநீரகத்துக்கோ ஈரலுக்கோ தனி வழி கிடையாது. ஆகவே கட்டுப்பாடு முழுவதும் வாசலில்தான், அதாவது முன்சிறுகுடலில். இறைச்சி, மீனிலுள்ள ஈம் இரும்பு அங்கே தனிப் பாதையில் நுழைந்துவிடும். பருப்பு, கீரை, கோதுமை மாவிலுள்ள இரும்பு பெரும்பாலும் மூன்று ஏற்ற நிலையில் இருக்கும். அது இரண்டு ஏற்ற நிலைக்கு ஒடுக்கப்பட்ட பிறகே டிஎம்டி-1 என்ற கடத்திப் புரதம் அதைக் கலத்துக்குள் கொண்டுபோகும். கலத்திலிருந்து குருதிக்குப் போகும் கதவு பெரோபோர்ட்டின். அந்தக் கதவை அடைப்பது ஈரல் சுரக்கும் ஹெப்சிடின்.

இனி ஒரு தோட்டச் சாப்பாட்டை எடுத்துப் பார்க்கலாம்: கோதுமை மா ரொட்டி, தேங்காய்ச் சம்பல், சாயம் இறங்கிய வெறும் தேத்தண்ணி. வெள்ளை மாவில் தவிட்டோடு, இரும்பைப் பிணைத்து உறிஞ்சலைத் தடுக்கும் பைற்றேற்றும் பெருமளவு போய்விடுகிறது, இரும்பும் போய்விடுகிறது. மிஞ்சிய இரும்பைத் தேத்தண்ணியின் பொலிபீனோல்கள் பிடித்துக்கொள்கின்றன. அவற்றிலுள்ள கலோயில் கூட்டங்கள் இரும்போடு இறுகப் பிணைந்து, குடல் எடுக்க முடியாத சேர்மமாகிவிடும். 1975இல் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் கதிரியக்க இரும்பைக் கொண்டு இந்தத் தடையை அளந்து காட்டினார்கள். 1999இல் வெளியான இன்னோர் ஆய்வில், பாண் உணவோடு கறுப்புத் தேநீர் குடித்தபோது இரும்பு உறிஞ்சல் 79 முதல் 94 வீதம் வரை குறைந்தது. பால் சேர்த்தும் பெரிய மாற்றமில்லை. சம்பலில் பிழியும் தேசிக்காய்ப்புளி இதற்கு எதிர்த்திசையில் வேலை செய்கிறது: அதன் வைற்றமின் சீ இரும்பை ஒடுக்கி, கரைந்த நிலையில் வைத்திருக்கும். சம்பலை அடுப்பில் ஏற்றாததால் அந்த வைற்றமினும் அழியாது. (மாத்தளை வாசனைத் திரவிய மண் என்பதால் இதையும் சொல்லலாம்: தாய்லாந்துப் பெண்களிடம் நடந்து 2006இல் வெளியான ஆய்வில் மிளகாய் இரும்பு உறிஞ்சலைக் குறைத்தது, மஞ்சள் குறைக்கவில்லை.)

மாவிலேயே இரும்பைக் கலந்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். இலங்கைத் தோட்ட மக்களிடையே அதையும் செய்து பார்த்துவிட்டார்கள். 2004இல் வெளியான அந்தச் சோதனையில் இருவகைத் தனிம இரும்புத் தூள் கோதுமை மாவில் சேர்க்கப்பட்டது, சோகை குறையவில்லை. அந்தத் தூள் இரைப்பை அமிலத்தில் மெதுவாகவே கரையும். கரைந்த சிறிதளவும் அதே ரொட்டி, அதே தேத்தண்ணிச் சூழலைத்தான் சந்திக்க வேண்டும். உணவு அட்டவணையில் இரும்பு கூடியது, குருதியில் கூடவில்லை. என் வாதத்துக்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை.

இதற்கு உயிரிரசாயனத்திலிருந்தே ஒரு மறுப்பு எழலாம். சேமிப்பு குறைந்தால் ஹெப்சிடின் தாழும், கதவு அகலத் திறக்கும், உடல் தானாகவே ஈடுசெய்துகொள்ளும் என்பது அது. உண்மைதான். ஆனால் குடற்குழியில் ஏற்கெனவே பிணைக்கப்பட்டுக் கரையாமல் கிடக்கும் இரும்புக்குக் கதவு திறந்தும் பயனில்லை. மேலும் அந்த ஈட்டுக்கு ஓர் எல்லை உண்டு. இழப்பு அதைத் தாண்டினால் சேமிப்பு வற்றும். மாதவிடாய் இழப்பைச் சராசரியாக்கினால் நாளுக்கு அரை மில்லிகிராம் அளவு வரும். ஒரு கர்ப்பத்தின் மொத்தத் தேவையோ ஏறக்குறைய 1000 மில்லிகிராம்.

தோட்டங்களில் இதற்கு மேல் இன்னோர் இழப்பும் நெடுங்காலம் இருந்தது: குடலில் குருதியை உறிஞ்சும் கொழுக்கிப்புழு. ராக்பெல்லர் அறநிறுவனம் இலங்கையில் தன் கொழுக்கிப்புழு ஒழிப்பு வேலையை 1916இல் மாத்தளைத் தோட்டங்களில்தான் தொடங்கியது. இந்தப் புழுவின் குடம்பி ஈர மண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து ஏறும். குருதி வழியே நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு வந்து, விழுங்கப்பட்டுச் சிறுகுடற் சுவரைப் பற்றிக்கொள்ளும். நெக்கேற்றர் இனப் புழு ஒன்று நாளுக்கு ஏறத்தாழ 0.03 மில்லிலீற்றர் குருதியை இழக்கச் செய்கிறது. நூறு புழுவுக்கு 3 மில்லிலீற்றர். நலமான குருதி 1 மில்லிலீற்றரில் அரை மில்லிகிராம் இரும்பு இருப்பதால், போவது 1.5 மில்லிகிராம். அதில் ஒரு பகுதியைக் குடல் மீட்டாலும், ஒரு நாள் வரவுக்கு அண்மையான தொகை இது. கீனோபோடியம் எண்ணெய் கொடுத்துப் புழுவை வெளியேற்றினார்கள். ஆனால் தொழிலாளர் குடியிருப்பான லயங்களில் மலகூடம் இல்லாததால் அதே மண்ணை மிதித்தவர்களுக்குப் புழு திரும்பவும் தொற்றியது.

மாத்திரை கொடுத்தால் போதாதா என்பது அடுத்த கேள்வி. மாத்திரை வேலை செய்யும் என்பதில் ஐயமில்லை. 1979இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில் வந்த இலங்கைத் தேயிலைத் தோட்ட ஆய்வில், இரும்பு பெற்று ஈமோகுளோபின் உயர்ந்த தொழிலாளர்கள் ஒரு மாதத்தில் கூடுதலாகக் கொழுந்து பறித்தார்கள். டெசிலீற்றருக்கு 6 முதல் 9 கிராம் வரை ஈமோகுளோபின் இருந்தவர்களிடம் முன்னேற்றம் மிகத் தெளிவாகத் தெரிந்தது. வழக்கமான மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பு உண்டு. அந்த அளவு இறங்கும்போது தடைகளை மீறியும் போதியது உள்ளே போய்விடும். விழுங்குவதை நிறுத்தினால் பழைய வரவும் பழைய இழப்பும் திரும்பும். ஆய்வின் அளவுகோலாகக் கொழுந்தின் எடையை எடுத்ததும் கவனிக்கத்தக்கது: மலைச்சரிவில் கூடையோடு ஏறும் உடல் அன்றாடம் எவ்வளவு இழந்துகொண்டிருந்தது என்பதை அது தோட்ட நிர்வாகத்துக்குப் புரியும் மொழியில் சொன்னது.

வறுமையை மறைக்கத்தான் இந்த இரசாயனமெல்லாம் என்று சொல்வோரும் உண்டு. நெத்தலியும் இறைச்சியும் வாங்கக் கூலி போதாது என்பதே வேர் என்றால், அதை மறுக்க எதுவுமில்லை. ஈம் இரும்பு ஏன் இத்தனை மதிப்புள்ளது என்பதையும், செருப்பும் மலகூடமும் ஏன் ஊட்டச்சத்து விடயங்கள் என்பதையும் எடுத்துக்காட்டுவது இந்த இரசாயனம்தான். சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் இடையே ஒரு மணி நேரம் விடுவதற்கோ காசு தேவையில்லை.

மாணவர்கள் ஓர் இடத்தில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். சிறிய, வெளிறிய செங்குருதிக் கலங்களெல்லாம் இரும்புக் குறைபாட்டால் வந்தவையல்ல. மாத்தளையை ஒட்டிய குருநாகல் மாவட்டத்தில், ஈமோகுளோபின் ஆக்கத்தைக் குறைக்கும் மரபுநோயான தலசீமியா பரவலாக இருப்பது அறியப்பட்டது. பீற்றா தலசீமியா மரபணு ஒன்றைச் சுமப்பவரிலும் கலங்கள் சிறிதாகவே இருக்கும். ஆனால் அவரது இரும்புச் சேமிப்பு குறைந்திருக்க வேண்டியதில்லை, இரும்பு கொடுத்துக் கலங்களைப் பெரிதாக்கவும் முடியாது. ஆகவே சந்தேகமிருந்தால், இரும்பைச் சேமிக்கும் புரதமான பெரிற்றினைக் குருதியில் அளக்க வேண்டும். வளர்ந்தவர்களில் லீற்றருக்கு 15 மைக்குரோகிராமுக்குக் கீழே இருந்தால் சேமிப்பு வற்றியது என்று பொருள். தொற்றோ அழற்சியோ உள்ளவரில் பெரிற்றின் பொய்யாக உயர்ந்து காட்டும் என்பதால், அவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 70 என்ற எல்லையைப் பரிந்துரைக்கிறது.