மலையகத்தில் தொழிலை எழுதியவர்கள்

தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலை ஸ்டோர் ஒன்றில் டீ மேக்கராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பொறியியல் படித்துவிட்டுத் தோட்டத்துக்கு வரும் தம்பிமார் என்னிடம் கேட்பதுண்டு: "பகல் முழுக்க மெஷினோடு மாரடித்துவிட்டு, ராத்திரி அதைப் பற்றி உட்கார்ந்து எழுத வேண்டுமா அண்ணே? யாருக்கு லாபம்?" எங்கள் மலைகளிலேயே இதற்குப் பதில் இருக்கிறது.

1869இல் இங்கே கோப்பி இலைகளின் அடியில் செம்மஞ்சள் பொடி படியத் தொடங்கியது. பேராதனைத் தாவரவியல் பூங்காவின் பணிப்பாளர் துவைட்ஸ் அந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே பூஞ்சண ஆய்வாளர் பெர்க்லி அந்தப் பூஞ்சணத்துக்கு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிட்டார். 1880இல் இலங்கைக்கு வந்த ஹாரி மார்ஷல் வார்ட் என்ற இளைஞர், அதன் வித்துகள் காற்றில் பரவி ஈர இலையில் முளைப்பதை ஆராய்ந்து அறிக்கைகளாக எழுதினார். அதனால் இலங்கைக் கோப்பி பிழைக்கவில்லை. ஆனால் அதே நோய் 1970இல் பிரேசிலில் தலைகாட்டியபோது, அது பரவும் விதம் ஏற்கெனவே ஏட்டில் இருந்தது.

கோப்பி போன இடத்தில் தேயிலை வந்தது. கோப்பி நோய்க்கு முன்பே 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லர், பங்களா விறாந்தையில் கையால் கொழுந்து உருட்டித்தான் தொடங்கினார். தன் சொந்த யோசனையில் உருட்டும் மெஷின் ஒன்று கண்டியில் தயாராவதாக 1872இல் ஸ்கொட்லாந்தில் இருந்த வீட்டாருக்கு எழுதினார். அந்தக் கடிதங்களை எடின்பரோவில் உள்ள ஸ்கொட்லாந்து தேசிய நூலகம் பாதுகாக்கிறது. குடும்பத்துக்கு எழுதியவை இன்று தொழில் வரலாற்றுக்கு ஆதாரம்.

1881இல் பெர்குசன் குடும்பத்தார் கொழும்பில் 'டிராப்பிக்கல் அக்ரிகல்சரிஸ்ட்' மாத இதழைத் தொடங்கினார்கள். கவாத்து, உரம், மெஷின் என்று தோட்டத்துரைமார் தங்கள் அனுபவத்தை அதில் எழுதினார்கள். 1925இல் தேயிலை ஆராய்ச்சி நிலையம் உருவாகி, பின்னர் தலவாக்கலை சென்ட் கூம்ஸ் தோட்டத்தில் நிலைத்தது. 1928 முதல் அதன் 'டீ குவார்ட்டர்லி' இதழ் வெளிவந்தது.

எல்லாம் ஆங்கிலத்தில். தோட்டத் தொழிலையொட்டி அந்தக் காலத்தில் அச்சேறிய தமிழில் பேர்பெற்றது 'இங்கே வா' என்ற கையேடு. அதுவும் சின்னத்துரைமார் வேலை வாங்கப் பழகுவதற்கான தமிழ். வேலை செய்தவர்களின் அறிவு ஏட்டில் ஏறவில்லை.

எங்கள் ரோல் ரூமில் ஒரு பெரியவர் இருந்தார். கடிகாரத்தைப் பார்க்கவே மாட்டார். பரப்பிய தூளில் ஒரு பிடி அள்ளி மூக்கருகே வைப்பார். பச்சை வாடை கழிந்து, செப்பு நிறம் ஏறியதும் "டிரையருக்குப் போடு" என்பார். பெப்ரவரி மாதத்து வறண்ட காற்றுக்கு ஒரு கணக்கு. ஜூன் மழையில் கொழுந்து நனைந்து வந்தால் வேறு கணக்கு. வாட்டும்போதே இலையைக் கசக்கிப் பார்த்து, ரோலரில் எவ்வளவு அழுத்தம் கொடுப்பது என்று சொல்லிவிடுவார். அவர் வேலையை விட்டதும், அடுத்து வந்தவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து பழக வேண்டியிருந்தது. பழகி முடியும்வரை கொழும்பு ஏலத்தில் எங்கள் மார்க்குக்கு விலை இறங்கியே கிடந்தது.

ஆகவே தம்பிமாரே, எழுதினால் சம்பளம் கூடும் என்று நான் சொல்லமாட்டேன். வார்ட் எழுதியும் இலங்கைக் கோப்பி பிழைக்கவில்லை. ஆனாலும் வாரத்தில் ஒரு மணிநேரம் இதற்குத் தகும். பெரிய தத்துவம் வேண்டாம். டிரையர் நின்றால் எந்த பெயாரிங், அதற்கு முன் என்ன சத்தம், அன்று மழையா வெயிலா, நீங்கள் எதை மாற்றினீர்கள், தூள் எப்படி வந்தது: இவ்வளவு போதும். சரிவராத முயற்சியையும் சேர்த்து எழுதுங்கள். ரோல் ரூமில் நிற்பவர்களிடம் கேட்டு, அவர்கள் சொல்வதையும் எழுதுங்கள். தமிழில் எழுதுங்கள், அந்த மெஷின் பக்கத்தில் நாளைக்கு நிற்கப் போகிறவர் அதைப் படிக்க வேண்டும்.