லாபம், ரெண்டு, மூணு: தஞ்சைக் களத்தில் விளைச்சலும் கூலியும்

நெல் அளப்பவர் முதல் மரக்காலை 'ஒன்று' என்று எண்ணமாட்டார். 'லாபம்' என்றுதான் தொடங்குவார். பிறகு 'ரெண்டு', 'மூணு'. பன்னிரண்டு மரக்கால் சேர்ந்தால் ஒரு கலம். காவிரிப் படுகையில் அறுவடைக் கூலி இந்தக் கலத்தோடு கட்டப்பட்டிருந்தது. அறுத்து, கட்டுக் கட்டி, களத்துக்குச் சுமந்து, தலையடி அடித்து, தூற்றிப் பொலியாகக் குவித்த பிறகு அளவு நடக்கும். கண்டுமுதல் எத்தனை கலமோ, கலத்துக்கு இத்தனை படி என்று கூலி நெல்லை அளந்து போடுவார்கள். நடவுக்கும் களையெடுப்புக்கும் கணக்கு வேறு. அவற்றுக்கு நாள் கூலி. பயிர் எப்படி விளைந்தாலும் அது மாறாது.

பசுமைப் புரட்சியைப் பற்றிய எழுத்து விதை, உரம், நிலத்தின் அளவு ஆகியவற்றையே பெரும்பாலும் பேசுகிறது. இக்கட்டுரை அதைவிடச் சிறிய ஒன்றைப் பின்தொடர்கிறது: கூலியை எதில் அளந்தார்கள் என்பதை. விளைச்சல் கூடியபோது அதில் யாருக்கு எவ்வளவு போனது என்பதை விதை மட்டும் முடிவு செய்யவில்லை. பாதியை இந்த அளவுகோலே முடிவு செய்தது என்பது என் வாதம். கலத்துக்கு இவ்வளவு என்றிருந்த கூலி, மணிக்கு இவ்வளவு என்ற இயந்திர வாடகையாக மாறிய கதைதான் ஒன்றுபட்ட தஞ்சை மாவட்டத்தின் அரை நூற்றாண்டு வரலாறு.

அளவுகோலின் மேல் நடந்த சண்டை விதைக்கு முந்தியது. 1940களில் பி. சீனிவாசராவ் தலைமையில் கீழத்தஞ்சையில் விவசாயிகள் சங்கம் வளர்ந்தபோது, சாட்டையடிக்கும், சாணியைக் கரைத்துக் குடிக்கவைக்கும் சாணிப்பால் தண்டனைக்கும் எதிரான குரலோடு முத்திரை மரக்கால் வேண்டும் என்ற குரலும் எழுந்தது. நெல்லை வாங்கும்போது ஒரு மரக்கால், கூலி போடும்போது இன்னொரு மரக்கால் என்று வைத்திருந்த பண்ணைகளின் ஊரில் இது சின்னக் கோரிக்கை அல்ல. 1944இல் மன்னார்குடியில் மிராசுதார்களும் சங்கமும் அதிகாரிகளும் உட்கார்ந்து செய்துகொண்ட ஒப்பந்தம் சாட்டையடியையும் சாணிப்பாலையும் ஒழித்தது. 1952இல் ராஜாஜி அரசு பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு, அதாவது ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவான நன்செய்க்கு, மேல் வைத்திருந்தவர்களை அது கட்டுப்படுத்தியது. பல மிராசுதார்கள் கண்டுபிடித்த பதில் எளிது: நிரந்தர ஆளான பண்ணையாளே வேண்டாம், அன்றாடக் கூலி போதும். சட்டம் காக்க நினைத்த உறவு சட்டத்தாலேயே தளர்ந்தது. 1950களில் தஞ்சைக் கிராமங்களில் தங்கி ஆய்ந்த மானிடவியலாளர் கேத்லீன் கஃப் இந்த மாற்றத்தைக் கண்ணெதிரே பார்த்தவர்.

அடுத்து வந்தது பொறியியல். மேட்டூர் அணை 1934 முதலே பாசனத்துக்கு ஒரு நிச்சயம் தந்திருந்தது. 1960-61இல் தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்கு இந்தியாவில் முதலில் தேர்ந்தெடுத்த ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. ஃபோர்டு அறக்கட்டளையின் துணையோடு வந்த அதை ஊரில் 'பேக்கேஜ் திட்டம்' என்றார்கள். விதை, உரம், பூச்சிமருந்து, கடன், ஆலோசனை எல்லாம் ஒரே கட்டாக. 1960களின் நடுவில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் ஏ.டி.டி. 27 வந்தது. ஜப்பானின் நோரின் 10 ரகத்தையும், கோவையில் தேர்ந்தெடுத்துப் புகழ்பெற்றிருந்த ஜி.இ.பி. 24 ரகத்தையும் கலந்து எடுத்த ரகம். ஏறத்தாழ 105 நாளில் அறுவடை. குறுவைக்கென்றே செய்தது போன்ற ரகம். சில ஆண்டுகளிலேயே குறுவைப் பரப்பின் பெரும்பகுதியை அது பிடித்துக்கொண்டது. 1966இல் பிலிப்பைன்சிலிருந்து ஐ.ஆர். 8 வந்தது. பணம் உள்ளவர்கள் ஃபில்டர் பாயிண்ட் என்ற குழாய்க்கிணறு இறக்கி, மேட்டூர்த் தண்ணீர் வரும் முன்பே நாற்று விட்டார்கள். ஒருபோகச் சம்பா நிலங்கள் குறுவை, தாளடி என்று இருபோகமாயின.

இங்கேதான் கதையின் முடிச்சு. குறுவைக் கதிர் புரட்டாசி, ஐப்பசியில் அறுப்புக்கு வரும். அதே வாரங்களில் தாளடி நட்டாக வேண்டும். அதே வாரங்களில்தான் வடகிழக்குப் பருவமழையும் இறங்கும். ஏ.டி.டி. 27இன் நெல்மணிக்கு உறக்க காலம் குறைவு. மழையில் சாய்ந்து நனைந்தால் கதிரிலேயே முளைத்துவிடும். ஆக, முன்பு மாதக்கணக்கில் பரவியிருந்த வேலை மூன்று நான்கு வாரங்களுக்குள் நெருக்கப்பட்டது. கருக்கரிவாளை வைத்திருந்தவர் கையில் முன்னெப்போதும் இல்லாத பேரம் வந்து சேர்ந்தது. ஆய்வு நிலையத்தில் எந்த விஞ்ஞானியும் இதைத் திட்டமிட்டிருக்கமாட்டார்.

கணக்கைப் பார்ப்போம். ஒரு பேச்சுக்கு, ஏக்கருக்கு 30 கலம் கண்ட நிலம் 45 கலம் காண்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கலத்துக்கு இவ்வளவு என்ற கூலி மாறாமலே இருந்தாலும் அறுத்தவர் கைக்கு ஒன்றரை மடங்கு நெல் வரும். நடவு நட்ட பெண்ணுக்கோ, அவள் நட்ட பயிர்தான் அந்த 45 கலமும் என்றாலும், பழைய நாள் கூலிதான். விளைச்சல் பெருக்கத்தில் பங்கு தரும் அளவுகோல் ஒன்று, தராத அளவுகோல் ஒன்று. நடவும் களையும் பெண்களின் வேலை என்பதால் இரண்டாவது அளவுகோலின் சுமை முதலில் அவர்கள்மேல் விழுந்தது.

மிராசுதாரின் வாதத்தையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். கூடுதலாக வந்த 15 கலம் என் உரத்துக்கும் விதைக்கும் பம்புசெட்டுக்கும் வந்தது. அரிவாள் புதிதாக என்ன செய்தது, அதற்கு ஏன் பங்கு என்பது அவர் கேள்வி. தொழிலாளியின் பதில், சொல்லப்போனால், அதைவிடக் கூர்மையானது: இந்த மூன்று வாரத்தில் நான் வராவிட்டால் உன் உரமும் விதையும் சேற்றில் முளைக்கும். இந்தப் பேரம் கலத்துக்கு அரைப்படி கூடுதல் என்ற கோரிக்கையாக உருவெடுத்தது. எதிர்ப்பக்கம் நெல் உற்பத்தியாளர் சங்கம் கட்டியது. வெளியூர் ஆட்களை இறக்கியது. செங்கொடிச் சங்கத்தை விட்டு விலகச் சொன்னது.

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் புகுந்து ஒளிந்த 44 தலித்துகள் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கீழ்நீதிமன்றம் தண்டித்த நிலவுடைமையாளர்களைச் சென்னை உயர் நீதிமன்றம் 1973இல் விடுவித்தது. சாதியை விட்டுவிட்டு வெண்மணியைக் கூலித் தகராறு என்று மட்டும் எழுதுவது பொய். தொழில்நுட்பத்தை விட்டுவிட்டு எழுதினால், அது ஏன் அந்த ஆண்டுகளில், அந்த மாவட்டத்தில் என்பதற்கு விடை கிடைக்காது. மத்திய உள்துறை அமைச்சகம் 1969இல் நிலப் பதற்றங்களைப் பற்றித் தயாரித்த அறிக்கை இந்தத் தொடர்பைக் கவனித்தது. ஃபிரான்சின் ஃபிராங்கல் 1971இல் வெளியிட்ட பசுமைப் புரட்சி ஆய்வில் ஒரு பகுதி தஞ்சையைப் பற்றியது. மைதிலி சிவராமன் நேரில் போய் எழுதியவை இன்றும் முதன்மைச் சான்றுகள்.

கூலிப் பிரச்சினையை ஆராய அரசு கணபதியா பிள்ளை ஆணையத்தை அமைத்தது. 1969இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. அன்றைய தஞ்சை மாவட்டத்துக்காக இயற்றிய அச்சட்டம் கூலியை நெல்லில் பேசியது. இது கவனிக்கத்தக்கது. நெல்லாகக் கிடைக்கும் கூலிக்கு விலைவாசி உயர்வு வலிக்காது.

குத்தகைதாரர் கதை தனிக் கட்டுரைக்குரியது. இங்கே ஒன்றை மட்டும் தொட்டுச் செல்கிறேன். 1956இன் நியாயக் குத்தகைச் சட்டம் நன்செய்க்கு விளைச்சலில் 40 விழுக்காட்டை நிலக்காரர் பங்காக்கியது. பின்னர் அது 25 ஆனது. ஆனால் வாய்மொழிக் குத்தகைக்குக் காகிதம் இல்லை. காகிதம் இல்லாதவருக்குப் பேக்கேஜ் திட்டத்தின் கூட்டுறவுக் கடனும் எளிதில் எட்டவில்லை. கடன் இல்லாமல் உரம் ஏது?

எல்லாம் நிலக்காரருக்கே போயிற்றா? ஆய்வாளர்கள் இதில் ஒத்துப்போகவில்லை. 1976இல் அதே கிராமங்களுக்குத் திரும்பிய கஃப் தொழிலாளர் வாழ்வில் முன்னேற்றம் காணவில்லை. 1973-74இல் வட ஆர்க்காட்டில் பி. எச். ஃபார்மர் தலைமையில் கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்த கள ஆய்வும் ஐயத்தோடே பேசியது. அதே வட்டாரத்துக்கு 1980களின் தொடக்கத்தில் போன ஹேசலும் ராமசாமியும் தங்கள் 1991 நூலில் வேறு முடிவைச் சொன்னார்கள்: சிறு விவசாயிக்கும் கூலிக்காரருக்கும்கூட வருமானம் உயர்ந்திருந்தது. இரண்டையும் பொய்யென்று தள்ள முடியாது. வட ஆர்க்காடு கிணற்றுப் பாசன நாடு; சிறு நிலக்காரர் அதிகம்; நெசவும் பிற தொழில்களும் பக்கத்தில் இருந்தன. கீழத்தஞ்சையில் நிலம் சிலர் கையில், வேலை ஒன்றே ஒன்று. ஒரே விதை இரண்டு மண்ணில் இரண்டு விதமாகப் பங்கு பிரித்தது.

தஞ்சையில் கலக்கூலி இன்னும் சில பத்தாண்டுகள் தாக்குப்பிடித்தது. அதை முடித்தது சட்டமோ வன்முறையோ அல்ல, ஒரு வண்டி. டிராக்டர் உழவு மாட்டைத்தான் வெளியேற்றியது. கதிர் அறுக்கும் இயந்திரம் களத்தையே வெளியேற்றியது. சிவப்புக் கொடிகள் முதலில் வரப்பில் நின்று மறித்தன. மறிப்பு மெல்ல ஓய்ந்தது. படித்த பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் போயிருந்தார்கள். 2006 பிப்ரவரியில் ஊரக வேலை உறுதித் திட்டம் முதல் கட்டமாக நாகப்பட்டினத்திலும் தொடங்கியது. ஆள் கிடைக்கவில்லை என்று நிலக்காரர் சொன்னார். இயந்திரம் வந்ததால் வேலை இல்லை என்று தொழிலாளி சொன்னார். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை.

அறுவடைக் காலத்தில் சேலம், நாமக்கல் பக்கமிருந்து வண்டிகள் வரிசையாக டெல்டாவில் இறங்கும். சேற்று நிலத்துக்குப் பெல்ட் வண்டி, காய்ந்த நிலத்துக்கு டயர் வண்டி. ஓட்டுநர் வயலில் இறங்கும்போது நேரத்தைக் குறித்துக்கொள்வார்கள். கட்டுக் கட்டுவது, தலைச்சுமை, தலையடி, தூற்றல் எல்லாம் அந்த இரும்பு வயிற்றுக்குள்ளேயே முடிந்து, வரப்போரம் நிற்கும் டிராக்டர் பெட்டியில் நெல் கொட்டும். பத்து இருபது பேர் நாள் முழுக்கச் செய்த ஏக்கர் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் ஒழிந்துவிடும். பயிர் சாய்ந்திருந்தால் நேரம் கூடும், வாடகையும் கூடும். விளைச்சல் எவ்வளவு என்று ஓட்டுநர் கேட்பதே இல்லை. அவருக்கு அது தேவையில்லை.

ஒரு வேடிக்கை: ஈரத்தோடு கொட்டிய அந்த நெல்லை ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேல் என்று கொள்முதல் நிலையம் திருப்பும்போது, அதைச் சாலையில் கொட்டிக் காயவைத்துக் கிளறுவதற்குப் பெண்கள் மறுபடி அழைக்கப்படுகிறார்கள். நாள் கூலிக்கு.

வாடகை லாபம் வண்டிக்காரருக்குப் போகிறது; அதில் ஒரு பங்கு வண்டிக் கடனுக்கு வட்டியாக வங்கிக்குப் போகிறது. நிலக்காரருக்கு நேரமும் நிம்மதியும் மிச்சம். அறுத்தவர் வீட்டில் குதிர் நிறைவதில்லை. 2008இல் கிலோ ஒரு ரூபாய்க்கு ரேஷன் அரிசி வந்தது. 2011 முதல் அது இலவசம். முதுகு வளைந்த வேலை போனதற்கு யாரும் அழ வேண்டியதில்லை. அறுவடையின் முள்ளந்தண்டு வலியை அறிந்த யாரும் அழவும் இல்லை. வேலையோடு பங்கும் சேர்ந்து போனதுதான் கணக்கில் ஏறாமல் போயிற்று. கலக்கூலியில், அது எவ்வளவு அநியாயமான கலமாக இருந்தாலும், விளைச்சல் கூடினால் தனக்கும் கூடும் என்று நிலமற்றவருக்கு ஓர் இடம் இருந்தது. மணி வாடகையில் அந்த இடமே இல்லை.

இந்த வரலாற்றை மேலும் ஆராய விரும்புவோருக்கு ஒரு வேண்டுகோள். கிராமக் கூலிக் கணக்கெடுப்புகளில் தொகையை மட்டும் பதியாதீர்கள். அது நாளுக்கா, ஏக்கருக்கா, கலத்துக்கா, மணிக்கா என்பதையும் பதியுங்கள். இப்போது நடவு இயந்திரமும் மருந்து தெளிக்கும் ட்ரோனும் வந்துகொண்டிருக்கின்றன.