கூப்பனில் வந்த வெற்றி



கூட்டணி என்றதும் நாம் தொகுதிக் கணக்கைத்தான் முதலில் பேசுகிறோம். எத்தனை இடம், எந்தச் சின்னம் என்று கேட்கிறோம். வென்றவர் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்பதைக் கடைசியில்தான் கேட்கிறோம். இந்தக் கேள்வியோடு நூறாண்டுக்கு முந்தைய பிரிட்டிஷ் தேர்தல் ஒன்றைப் பார்ப்போம்.

1918 நவம்பர் 11 அன்று முதல் உலகப் போர் ஓய்ந்தது. டிசம்பர் 14 அன்று வாக்குப்பதிவு. அந்த ஆண்டு வந்த சட்டத்தால் 21 வயது நிரம்பிய ஏறக்குறைய எல்லா ஆண்களும் வாக்காளரானார்கள். பெண்களுக்கோ 30 வயதும் சொத்துத் தகுதியும் வேண்டும். வெடிமருந்து ஆலைகளில் உழைத்த இளம்பெண்களில் பெரும்பாலோர் வெளியேதான் நின்றார்கள். ஆனாலும் சுமார் 77 லட்சமாக இருந்த வாக்காளர் தொகை 2 கோடியைத் தாண்டியது.

பிரதமர் லாயிட் ஜார்ஜ் லிபரல் கட்சிக்காரர். 1916இல் சொந்தக் கட்சித் தலைவர் ஆஸ்குவித்தின் இடத்துக்கு, கன்சர்வேட்டிவ்களின் துணையோடு வந்தவர். தேர்தலிலும் அதே கூட்டணிதான். அவரும் கன்சர்வேட்டிவ் தலைவர் போனார் லாவும் கையெழுத்திட்ட ஆதரவுக் கடிதம், தேர்ந்தெடுத்த வேட்பாளர்களுக்கு மட்டும் போனது. ஆஸ்குவித் அதை ரேஷன் ‘கூப்பன்’ என்று கேலி செய்தார். அந்தத் தேர்தலில் அவரே தோற்றார். கூட்டணி பெருவெற்றி பெற்றது. ஆனால் வென்றவர்களில் பெரும்பாலோர் கன்சர்வேட்டிவ்கள். நாற்காலி லாயிட் ஜார்ஜுடையது, பலம் அவர்களுடையது.

போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கு ஏற்ற நாடு என்பது வாக்குறுதி. 1919இல் 5 லட்சம் வீடுகள் என்றார்கள். செலவுக் குறைப்பு வந்ததும் 1921இல் திட்டத்தை வெட்டினார்கள். 2 லட்சத்துச் சொச்சம் வீடுகளே எழுந்தன. 1922 அக்டோபர் 19 அன்று கார்ல்டன் கிளப்பில் கூடிய கன்சர்வேட்டிவ் உறுப்பினர்கள், 187க்கு 87 என்ற வாக்கில் தனித்துப் போட்டியிட முடிவெடுத்தார்கள். அன்றே லாயிட் ஜார்ஜ் பதவி விலகினார். பிறகு சாகும்வரை எந்த அமைச்சர் பதவியையும் அவர் வகிக்கவில்லை.

போர்க்கால அரசில் பங்கேற்ற தொழிலாளர் கட்சி, போர் ஓய்ந்ததும் கூட்டணியை விட்டு வெளியேறியது. 1918இல் 57 இடங்களே கிடைத்தன. மெக்டொனால்டு, ஹெண்டர்சன் போன்ற தலைவர்களே தோற்றார்கள். 1922இல் 142 இடங்களோடு அது முதன்மை எதிர்க்கட்சியானது. 1940இல் சர்ச்சிலின் போர்க்காலக் கூட்டணியில் சேர்ந்தபோதும் தன் அமைப்பைக் கலைக்கவில்லை. 1945 மே மாதம் வெளியேறி, ஜூலையில் 393 இடங்களை வென்றது.

ஆனால் கதை இங்கே முடியவில்லை. அந்தத் தொழிலாளர் அரசு 1946இல் இந்தியாவுக்கு அனுப்பிய கேபினட் தூதுக்குழு பொது, முஸ்லிம், சீக்கியர் என்ற மூன்று பிரிவுகளை மட்டுமே ஏற்றது. நம்மைப் பொதுவில் கரைத்தது. 1932இல் தனி வாக்காளர் தொகுதியை விட்டுக்கொடுக்க நேர்ந்த அண்ணல் அம்பேத்கர், தம் உறுப்பினரை யார் தேர்ந்தெடுப்பது என்றே திரும்பத் திரும்பக் கேட்டார்.

கூட்டணி கூடாது என்று நாம் சொல்லவில்லை. உள்ளே போகும்போது நம் அமைப்பு நம் கையில் இருக்கிறதா, வெளியே வரும்போதும் இருக்குமா? அடுத்த பேச்சுவார்த்தைக்கு உட்காருமுன் நம் கிளைகளில் இதை முதலில் கேட்போம்.