48-ஆம் பிரிவு: மாசசூசெட்ஸில் ஆவணம் தேடும் உரிமை எப்போது தொடங்கியது?

அரசாங்கக் காகிதங்களைப் பார்க்கக் குடிமக்களுக்கு உரிமை உண்டு என்ற எண்ணம் அமெரிக்காவில் 1945-க்கும் 1975-க்கும் இடையில்தான் வேரூன்றியது என்பது மைக்கேல் ஷட்சனின் முடிபு. ‘அறியும் உரிமையின் எழுச்சி’ என்று பொருள்படும் தலைப்பில் 2015-இல் வந்த அவருடைய நூல், குடியரசை நிறுவிய தலைமுறைக்கு இதில் பெரிய நாட்டம் இருந்ததில்லை என்கிறது. ஜான் மாஸ் என்ற காங்கிரஸ் உறுப்பினரின் நெடிய முயற்சி, அதன் விளைவான 1966-இன் தகவல் சுதந்திரச் சட்டம், 1970-இன் சட்டமன்றச் சீர்திருத்தம் என்று அவர் அடுக்கும் சான்றுகள் வலுவானவை. 1787-இல் பிலடெல்பியாவில் கதவைச் சாத்திக்கொண்டுதானே அரசியல் சட்டத்தையே எழுதினார்கள்! வாஷிங்டனைப் பொறுத்தவரை ஷட்சனோடு எனக்கு வழக்கில்லை.

ஆனால் சாதாரண அமெரிக்கர் ஒருவர் தேடும் ஆவணம் வாஷிங்டனில் இருப்பது அரிது. நிலப்பத்திரம், உயில், திருமணப் பதிவு, வழக்குக் கட்டு எல்லாம் மாநிலத்திலும் கவுண்டியிலும் கிடப்பவை. ஷட்சனின் கவனம் பெரிதும் கூட்டாட்சி அரசின்மேல் இருக்கிறது. அங்கே கண்டதை அவர் நாடு முழுமைக்குமான காலவரிசையாக விரிக்கும்போதுதான் சிக்கல் எழுகிறது. மாசசூசெட்ஸை வைத்துப் பார்த்தால் அந்தக் காலவரிசை முந்நூறு ஆண்டு பின்னோக்கி நகர வேண்டியிருக்கும்.

அங்கே 1639-இலேயே தீர்ப்புகளையும் பிறப்பு, திருமணம், இறப்புகளையும் பதிந்துவைக்க ஆணை பிறந்துவிட்டது. மறு ஆண்டு நிலப்பத்திரங்களைப் பதிய இப்ஸ்விச், சேலம் (நம் சேலமன்று), பாஸ்டன் ஆகிய ஊர்களில் பதிவாளர்கள் அமர்த்தப்பட்டனர். 1641 டிசம்பரில் ஏற்கப்பட்ட ‘உரிமைத் தொகுப்பு’ இன்னும் ஓர் அடி மேலே போயிற்று. அதை வகுத்த நத்தானியல் வார்டு இப்ஸ்விச்சின் போதகர். அதற்கு முன் லண்டனில் சட்டம் பயின்றவர். அதன் 48-ஆம் பிரிவு, நீதிமன்றம் அல்லது அலுவலகம் எதன் சுருள்களையும் பதிவேடுகளையும் குடியிருப்போர் எவரும் தேடிப் பார்க்கலாம் என்கிறது. உரிய கட்டணம் செலுத்தினால் அலுவலர் சரிபார்த்து ஒப்பமிட்ட நகலும் பெறலாம். விலக்கு ஒன்றே ஒன்று: கவுன்சில்.

இந்தப் பிரிவு யாருக்கு உரிமை தருகிறது என்பதைப் பலரும் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். அந்தக் குடியேற்றத்தில் வாக்குரிமை பெற்ற ‘சுதந்திரர்’ ஆக 1631 முதல் திருச்சபை உறுப்பினராக இருந்தாக வேண்டும். சுதந்திரருக்கு மட்டுமே உரியதை இதே தொகுப்பு அவ்வாறே பிரித்துச் சொல்கிறது. 48-ஆம் பிரிவோ குடியிருப்போர் என்றதோடு நின்றுவிடுகிறது. எதற்காகப் பார்க்கிறாய் என்ற கேள்வியும் அதில் இல்லை. இங்கிலாந்தின் பொதுச் சட்ட மரபிலோ தன் வழக்குக்கோ சொத்துக்கோ அது தேவை என்று காட்டினால்தான் கதவு திறந்தது. வார்டு அந்த மரபை அறியாதவரல்லர். அறிந்தே விட்டிருக்கிறார் என்பதே என் வாசிப்பு.

பாடத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. தொகுப்பு அன்று அச்சேறவில்லை. கையெழுத்துப் படிகளாக ஊர்களுக்குப் போயிற்று. நெடுங்காலம் மறைந்திருந்து, எலிஷா ஹட்சின்சனுக்கு உரியதாயிருந்த ஒரு படியிலிருந்து 1843-இல்தான் பிரான்சிஸ் கிரே வெளியிட்டார். ஆகவே ஒவ்வொரு சொல்லும் வார்டின் கையிலிருந்து வந்தது என்று சத்தியம் செய்வதற்கில்லை. கவுன்சில் என்பதும் தெளிவில்லை. 1636-இல் குடியேற்றத் தலைவர்களான வின்த்ராப், டட்லி முதலியோரை ஆயுள் உறுப்பினராகக் கொண்டு அமைத்த நிலைக் குழுவா, ஆளுநரும் நடுவர்களும் கூடிய அவையா? முன்னதே பொருத்தம் என்று தோன்றுகிறது. உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

ஷட்சன் தரப்பிலிருந்து வரக்கூடிய விடை எளிது: இது சொத்துத் தகராறுக்கான வசதி, ஆட்சியைக் கண்காணிக்கும் உரிமையன்று. எஸ்ஸெக்ஸ் கவுண்டி நீதிமன்றக் கட்டுகளைப் புரட்டினால் இந்த வாதம் பலப்படவே செய்யும். இப்ஸ்விச் எழுத்தர் ராபர்ட் லார்டு போன்றோர் ‘உண்மை நகல்’ என்று லத்தீனில் எழுதி ஒப்பமிட்ட தாள்கள் அங்கே நிறைய உண்டு. பெரும்பாலும் வழக்காடிகள் வாங்கியவை. ஆனால் காசு கொடுத்து வாங்கிய நகல்தான் தடம் விடும். சும்மா பார்த்துவிட்டுப் போனவன் எந்தத் தாளையும் விட்டுச் செல்வதில்லை. தடமில்லை என்பதாலேயே அப்படி யாரும் வரவில்லை என்று முடிவு கட்டலாமா? சொத்துக்காகத் திறந்த பதிவேட்டில் அடுத்த வீட்டுக்காரன் வரி கட்டினானா, நடுவர் யாருக்கு நிலம் ஒதுக்கினார் என்பதும் தெரியத்தான் செய்யும். நோக்கத்தை வைத்து உரிமையை அளப்பது இங்கே செல்லாது.

1851-இன் பொது ஆவணச் சட்டம், 1973-இன் விரிவாக்கம் ஆகியவற்றைப் பலர் எழுதிவிட்டனர். 2016-இல் திருத்தப்பட்டு 2017 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இன்றைய முறையில் 48-ஆம் பிரிவின் உறுப்புகள் ஏறக்குறைய அப்படியே தெரிகின்றன. நில வில்லங்கம் பார்ப்பவர் கவுண்டியின் பத்திரப் பதிவகத்தில் விற்றவர், வாங்கியவர் பெயர் அட்டவணைகளைப் புரட்டுகிறார். இப்போது பெரும்பகுதி இணையத்திலேயே உண்டு. மற்ற காகிதங்களுக்கு அந்தந்தத் துறையின் ஆவண அலுவலரிடம் மனுப் போட வேண்டும். 10 வேலைநாளில் பதில் வரவேண்டும். கறுப்பு வெள்ளை நகலுக்குப் பக்கத்துக்கு 5 சென்ட். மறுத்தால் 90 நாளுக்குள் மாநிலச் செயலர் அலுவலகத்தின் ஆவணக் கண்காணிப்பாளரிடம் மேல்முறையீடு. வணிக நோக்கமா, கட்டண விலக்கு உண்டா என்று தீர்மானிக்க அன்றி, காரணம் கேட்கக் கூடாது.

விலக்கும் தொடர்கிறதா? ஆளுநர் அலுவலகம் இச்சட்டத்துக்கு உட்பட்டதன்று என்று 1997-இல் லாம்பர்ட் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் தீர்த்தது. கவுன்சிலுக்கான பழைய விலக்கை இதோடு முடிச்சுப்போட ஆசைதான். ஆனால் அந்தத் தீர்ப்பு நின்றது இன்றைய சட்டத்தின் பட்டியலில் ஆளுநர் பெயர் இல்லை என்பதில்தான், 1641-இன் தொகுப்பில் அல்ல. இடைப்பட்ட காலத்தில், குறிப்பாக 1691-இன் புதிய சாசனத்துக்குப் பிறகு ஆளுநரின் கவுன்சில் தன் ஏடுகளை யாருக்குக் காட்டியது என்பதை அந்த அவையின் குறிப்பேடுகளிலிருந்தே தேடியெடுக்க வேண்டும்.