கொடி தெரிகிறது, முகம் தெரியவில்லை

ஆறு படைவீரர்கள் சேர்ந்து ஒரு கொடிக்கம்பத்தை நிமிர்த்தும் படத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். ஜப்பானின் ஐவோ ஜிமா தீவில், சுரிபாச்சி மலை உச்சியில், 1945 பிப்ரவரி 23 அன்று ஜோ ரோசந்தால் எடுத்தது. அதே ஆண்டு புலிட்சர் பரிசும் பெற்றது.

பார்த்தவுடன் நமக்குள் ஓர் எழுச்சி வருகிறதே, அது எங்கிருந்து வருகிறது? சாய்ந்த கம்பம், ஒரே திசையில் உந்தும் உடல்கள், பின்னால் வெறும் வானம். எதிரி இல்லை, பிணம் இல்லை. போர் முடிந்துவிட்டது என்றே தோன்றும். ஆனால் அன்று சண்டையின் ஐந்தாம் நாள்தான். அதன்பிறகு ஒரு மாதம் சண்டை நீடித்தது. அந்த ஆறு பேரில் மூவர் அதே தீவில் மாண்டார்கள். அது அன்று ஏற்றிய முதல் கொடியும் அல்ல. காலையில் ஏற்றிய சிறிய கொடிக்குப் பதிலாக ஏற்றிய பெரிய கொடி.

படத்தில் எவர் முகமும் தெளிவாக இல்லை. முகம் இல்லாததால்தான் அந்த ஆறு பேரும் 'அமெரிக்கா' ஆனார்கள். அரசு அந்தப் படத்தைச் சுவரொட்டியாக்கிப் போர்க்கடன் பத்திரம் விற்றது. 2,600 கோடி டாலருக்கு மேல் திரண்டது. ஆறு பேரும் யார் யார் என்பது சரியாக முடிவாக 2019 வரை ஆனது.

இடது ஓரத்தில் கைகளை உயர்த்தி நிற்பவர் ஐரா ஹேய்ஸ். அரிசோனாவின் பீமா பழங்குடி. ஹீலா ஆற்றை நம்பி விவசாயம் செய்த மக்கள் அவர்கள். மேற்பகுதியில் குடியேறிய வெள்ளையர்கள் ஆற்றுநீரைத் திருப்பிக்கொண்டதால் அவர்களின் வயல்கள் காய்ந்தன. பழங்குடிகளுக்கு 1924-லேயே குடியுரிமை தந்தாயிற்று. ஆனாலும் அரிசோனாவில் ஒதுக்கிடங்களில் வாழ்ந்தவர்களுக்கு வாக்குரிமை 1948-ல்தான், அதுவும் வழக்காடிய பிறகுதான் கிடைத்தது. கொடியை ஏற்றிய நாளில் ஹேய்ஸுக்குத் தன் மாநிலத்தில் ஓட்டு இல்லை.

அவருடைய கைகள் கம்பத்தைத் தொடவில்லை என்பதைக் காட்டி, பழங்குடிக்கு எட்டாத தேசம் என்று சிலர் பொருள் சொல்வதுண்டு. நாம் அதில் நிற்க வேண்டியதில்லை. கம்பம் மேலே போய்விட்டது, கை விலகியது, அவ்வளவுதான். விலக்கி வைத்ததற்கான சான்று கைகளில் இல்லை, சட்டத்தில் இருக்கிறது.

ஹேய்ஸை வெறும் பலியாளாகவும் பார்க்க வேண்டாம். இறந்த ஹார்லன் பிளாக்கின் இடத்தில் வேறொருவர் பெயர் இருந்தது. 1946-ல் அரிசோனாவிலிருந்து டெக்சாஸ் வரை போய், பிளாக்கின் தந்தையிடம் உண்மையைச் சொன்னவர் ஹேய்ஸ்தான். அடுத்த ஆண்டு அந்தப் பிழை திருத்தப்பட்டது. 1955-ல், 32 வயதில், ஹேய்ஸ் இறந்தார்.

தோழர்களே, அடுத்த முறை ஒரு போர்ப்படம் நம்மைச் சிலிர்க்க வைத்தால் மூன்றைக் கேட்போம். அது எந்த நாள்? அதை யார், எதற்குப் பயன்படுத்தினார்கள்? படத்தில் இருப்பவர்களுக்கு அன்று என்ன உரிமை இருந்தது?