முன்பாரமும் பின்பாரமும்

மாட்டுவண்டிக்காரருக்குப் பாரமேற்றும் கலையை யாரும் பள்ளியில் கற்பித்ததில்லை. மூட்டைகள் முன்னே மிகுந்தால் முன்பாரம். நுகம் மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னே மிகுந்தால் பின்பாரம், நுகம் மேலெழும்பும். மோட்டார் வண்டி வரலாற்றின் ஒரு பகுதி இந்தக் கணக்குத்தான் என்றால் நேயர்கள் வியப்படைய வேண்டாம்.

1908-இல் அமெரிக்காவில் வெளிவந்த போர்டு 'மாடல் டி' காரின் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடைத்தூரம் 100 அங்குலம். அதைச் சுமை வண்டியாக்க விரும்பியோர்க்கு, அடிச்சட்டத்தை நீட்டும் இரும்புச் சட்டங்களைப் பிற நிறுவனங்கள் விற்றன. 1917-இல் போர்டே 124 அங்குல இடைத்தூரத்தில் 'டி டி' என்ற சுமை வண்டியை வெளியிட்டார். முதலில் நிகழ்ந்தது நீட்டல். குறுக்கல் பின்னர் வந்தது.

ஏன் குறுக்க வேண்டும்? அச்சுகள் நெருங்கினால் வண்டி சிறிய இடத்திலும் திரும்பும். எட்டடிச் சுமைத்தொட்டியை எடுத்துவிட்டு ஆறரை அடித் தொட்டியை வைத்தால், அதன் சக்கர வளைவு முன்னே வந்துவிடும். பின்னச்சும் உடன் வந்தாக வேண்டும். ஆகவே பட்டறையில் 'சேஸ்' எனப்படும் அடிச்சட்டத்தை வெட்டி இணைக்கிறார்கள். வெட்டு நேர்க்கோடாக இருந்தால் வலிவின்மை முழுவதும் ஓரிடத்தில் சேரும். எனவே சாய்வாக வெட்டி, பற்றவைத்து, உட்புறம் தகடு பொருத்துவர். இருபுற மூலைவிட்டங்களும் ஒன்றாக இல்லையெனில் வண்டி கோணலாகவே ஓடும். இயந்திரத்தின் சுழற்சியைப் பின்னச்சுக்குக் கொண்டு செல்லும் தண்டையும் குறைத்து, சமநிலை பார்த்தாக வேண்டும். பிரேக் குழாய்களும் மின்கம்பிகளும் அவ்வாறே. வெப்பத்தால் பதப்படுத்திய எஃகு பற்றவைப்பின் சூட்டில் வலிமை இழக்கும் என்பதுதான் இதில் கண்ணுக்குத் தெரியாத ஆபத்து.

அரியலூரில் இவ்வுண்மையை வேறொரு வகையில் காணலாம். பண்டைக் கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல் அங்கே நிலத்தடியில் கிடக்கிறது. 1979-இல் அரசுச் சிமெண்ட் ஆலை அங்கே உற்பத்தியைத் தொடங்கியது. சுரங்கங்களில் கல் சுமக்கும் டிப்பர்கள் நெடுந்தூரச் சரக்கு லாரிகளைவிடக் குட்டையானவை. தொட்டி உயரும்போது பாரமெல்லாம் பின்னே சாய, நீண்ட சட்டம் எளிதில் முறுக்கிக்கொள்ளும். இக்குட்டைச் சட்டங்களைத் தொழிற்சாலையே கணக்கிட்டுச் செய்தனுப்புகிறது.

அப்படியானால் பட்டறைக்காரர் செய்தால் என்ன? தமிழில் இரும்புச் சட்டத்துக்கும் அரசின் சட்டத்துக்கும் ஒரே சொல் அமைந்தது வேடிக்கைதான். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, 2000-இல் திருத்தம் பெற்றபின், தயாரிப்பாளர் குறித்த அடிப்படை அளவுகளை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை உறுதிசெய்தது. கைத்திறன் மிக்க கொல்லருக்கு இது கசப்பாயிருக்கும். என்றாலும் அவர் போட்ட இணைப்பு விட்டுப்போனால் விபத்துக்குள்ளாவது சாலையில் வரும் வேறொருவர்.

வெட்டாமலே குட்டை வண்டி கிடைக்கும் வழியும் பிறந்தது. 2005-இல் டாடா நிறுவனம் 2100 மில்லிமீட்டர் அச்சிடைத் தூரத்தில் 'ஏஸ்' வண்டியை வெளியிட்டது. பெரம்பலூர்ச் சின்ன வெங்காய மூட்டைகளுடன் குறுகிய தெருவிலும் நுழைந்து திரும்பும் அதை நம் மக்கள் 'குட்டி யானை' என்று அழைக்கிறார்கள்.